பருவம் மாறுகிறது, வாளிக் கணக்கு மட்டும் மாறாதா?

வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்குப் பருவத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆடியில் எதை விதைப்பது, கார்த்திகையில் எப்போது களையெடுப்பது, தை அறுப்புக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பதெல்லாம் கையோடு வந்த படிப்பு. நடவுக்கு இருபது பெண்கள் வேண்டும் என்றால், எப்பேர்ப்பட்ட கஞ்ச மிராசுதாரும் ஐந்து பேரை இறக்கிவிட்டு, "நீங்களே பார்த்து முடித்துவிடுங்கள்" என்று சொல்ல மாட்டார். சொன்னால் நாற்று முற்றிப் போகும். நஷ்டம் அவருடையது.

மில் தோழர்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான். காற்று வறண்டால் பஞ்சு நூல் அறுந்து அறுந்து விழும். ஆகவே ஸ்பின்னிங் கூடத்தில் ஈரப்பதம் குறையாமலிருக்க முதலாளி யந்திரம் வைக்கிறார். அதற்குப் பணமும் செலவழிக்கிறார். நூலுக்குப் பருவம் உண்டு என்று அவர் ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், பாங்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனி, கண்ணாடி மாளிகையாக நிற்கும் கம்ப்யூட்டர் கம்பெனி ஆகியவற்றைத் தினமும் கூட்டி, துடைத்து, கழுவுகிற தொழிலாளிக்கு மட்டும் பருவம் கிடையாது. சித்திரை வெயிலிலும் அதே நேரம். ஐப்பசி அடைமழையிலும் அதே இரண்டு வாளி. மார்கழிக் குளிரிலும் அதே வெறுங்கை. பருவம் மாறுகிறது, வேலை மாறுகிறது, வேலை செய்கிறவளுக்குக் கொடுக்கும் ஆளும் நேரமும் சாமானும் மட்டும் மாறுவதில்லை. இது என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

"கூலிப் பிரச்னையும் நிலப் பிரச்னையும் இருக்கும்போது, ஆபீஸ் கூட்டுவதைப் பற்றி எழுத வேண்டுமா?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். அந்த ஆபீஸ்களைக் கூட்டுகிறவர்கள் யார்? மில் கதவு சாத்தப்பட்ட பிறகு கான்ட்ராக்டரிடம் பெயர் கொடுத்த பெண்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராமல் டவுனுக்குப் பஸ் ஏறிய பெண்கள். தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் இந்த வேலை தலையில் கட்டப்பட்டவர்கள். நம் தங்கைகளும் மகள்களும்தான் அவர்கள். ஆகவே இது நம்முடைய விஷயமே.

கோடையில்

கோடையில் அழுக்கு வேறு. மழைக்காலத்தில் அழுக்கு வேறு. மாசி பங்குனியில் வேம்பும் அரசும் இலை கொட்டும். ஆபீஸ் காம்பவுண்டில் ஒரு தடவை கூட்டிவிட்டுத் திரும்பினால், கூட்டாதது போலவே கிடக்கும். அப்புறம் புழுதி. உலர்ந்த துடைப்பத்தால் வீசிக் கூட்டினால் அந்தப் புழுதி போகாது; எழும்பி, மறுபடி மேஜைமீதும் பைல்மீதும் படியும்; கூட்டுகிறவள் நெஞ்சுக்குள்ளும் போகும். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே சரியான முறை. ஆனால் ஈரத்துணிக்குத் தண்ணீர் வேண்டுமே!

2019 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. பழைய மகாபலிபுரம் சாலையில் சில கம்பெனிகள், வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று தங்கள் உத்தியோகஸ்தர்களுக்குச் சொல்லின. நல்லது. ஆனால் கக்கூஸை வீட்டிலிருந்து கழுவ முடியுமா? தண்ணீர் பாதியானால் நாற்றம் குறையாது, கூடும். வேலை குறையாது, கூடும். அப்படிப்பட்ட நாளில் எந்தக் கக்கூஸைத் திறந்து வைப்பது, எதைப் பூட்டுவது, இருக்கிற தண்ணீரை எதற்கு முதலில் செலவழிப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்காவிட்டால் பழி முழுவதும் வாளி தூக்குகிறவள்மேல் விழும்.

வெயிலின் கொடுமை வேறு. பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் நிற்காதீர்கள் என்று சர்க்காரே கோடைதோறும் எச்சரிக்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. உலகத்தில் 240 கோடிக்கும் அதிகமான தொழிலாளர்கள் கடும் வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் அதே ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. மொட்டை மாடியைக் கழுவுவதும், வெளிக் கண்ணாடியைத் துடைப்பதும், காம்பவுண்டைக் கூட்டுவதும் உச்சி வெயிலில்தான் நடக்கின்றன. ஏன்? காலையில் ஆபீஸ் அறைகள் பளபளவென்று இருக்க வேண்டும். வெளிவேலை "மிச்ச வேலை"! ஏ.ஸி. வைத்த கட்டடத்தில் வேலை செய்கிறவளுக்காவது நிம்மதி உண்டா என்றால், அநேக இடங்களில் உத்தியோகஸ்தர்கள் வீட்டுக்குப் போனதும் ஏ.ஸி. நின்றுவிடும். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்களுக்குள் அவள் வேலை அப்போதுதான் ஆரம்பமாகும்.

பழைய சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. 250 பேருக்குமேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் சொல்லிற்று. அதாவது, வெயில் காலத்துக்கென்று தனிக் கடமை உண்டு என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. தொழிற்சங்கங்கள் போராடி அந்தப் பானையை மில்லுக்குள் கொண்டுவந்து வைத்தன. ஆபீஸ் கூட்டுகிறவளுக்கு அந்தப் பானை இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆடியில்

ஆடிக் காற்றுக்கு அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைக் கோவை, பொள்ளாச்சித் தோழர்கள் அறிவார்கள். ஜன்னலைத் திறந்தால் மண், மூடினால் புழுக்கம். இந்தக் காலத்தில் மேலிருந்து கீழாக வேலை செய்ய வேண்டும். முதலில் மின்விசிறி, அலமாரித் தலை, அடுத்து மேஜை, கடைசியில் தரை. தரையை முதலில் துடைத்துவிட்டு, அப்புறம் விசிறியைத் தட்டினால் வேலை இரண்டு மடங்கு. இந்த வரிசை கூட்டுகிற பெண்ணுக்குத் தெரியும். ஆனால் "ஹால் தரையை முதலில் முடி, மானேஜர் வந்துவிடுவார்" என்று சூபர்வைசர் விரட்டுகிறார். ஆக, வீண் வேலையை உண்டாக்குகிறவர் யார்? சோம்பேறிப் பட்டம் சுமக்கிறவர் யார்?

மழைக்காலத்தில்

சென்னை வட்டாரத்தில் வருஷத்து மழையில் பாதிக்குமேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களின் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் பெய்கிறது. இது திடீரென்று வருவதல்ல. வருஷா வருஷம் வருவது. ஆயினும் ஆபீஸ் நிர்வாகங்கள் முதல் தூறல் விழுந்ததும் "ஐயோ, மழை!" என்று புதிதாகக் கண்டதுபோல் பதறுகின்றன.

மழை நாளில் ஒரு பாங்குக்குள் நுழைந்து பாருங்கள். நூறு பேர் சேற்றுக் காலோடும் சொட்டும் குடையோடும் வருகிறார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துடைப்பது என்ற கணக்கு அன்றைக்கு எப்படிச் செல்லும்? மணிக்கொரு தடவை துடைத்தாலும் தரை காயாது. யாராவது வழுக்கி விழுந்தால், "ஏம்மா, பார்த்துத் துடைக்கக் கூடாதா?" என்று அதட்டல். வாசலில் முரட்டு மிதியடியோ கோணிச் சாக்கோ இரண்டு வரிசை போட்டு, குடை வைக்க ஒரு தொட்டியும் வைத்தால் சேற்றில் பெரும்பகுதி வாசலிலேயே நிற்கும். சாக்கு நனைந்தால் மாற்ற வேறு சாக்கு வேண்டும். மாற்ற ஓர் ஆளும் வேண்டும். செலவு சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்தைக் கொடுப்பதைவிட, ஒரு பெண்ணைப் பத்துத் தடவை குனிய வைப்பது சுலபம் என்று நிர்வாகம் நினைக்கிறது.

கொசு விஷயமும் உண்டு. டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் அல்ல, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. பூந்தொட்டித் தட்டு, ஏ.ஸி.யிலிருந்து தண்ணீர் வடியும் தட்டு, குடிதண்ணீர் யந்திரத்தின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் உடைந்த நாற்காலியின் குழிவு, எல்லாம் அதற்கு வீடு. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் எல்லாத் தட்டையும் கவிழ்த்துக் காய வைத்தால் கொசு பிறக்காது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். இது அரை நாள் வேலை. யாருடைய அரை நாள்? அதற்குக் கூலி எங்கே? "கூட ஒரு சின்ன வேலை" என்று அவள் தலையில் வைத்துவிட்டு, டெங்கு ஒழிப்பு வாரம் கொண்டாடி, பானர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

மழைக்காலத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஜன்னல்கள் சாத்தியிருக்கும், கக்கூஸில் வாடை அதிகமாகும், "இன்னும் கொஞ்சம் மருந்து ஊற்று" என்ற உத்தரவு வரும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒருபோதும் சேர்த்துக் கலக்கக் கூடாது! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைப் புண்ணாக்கும். மூடிய அறையில் உயிரையும் எடுக்கும். இதைப் படிக்கிற தோழர்கள் ஆபீஸ் கூட்டப் போகும் தம் வீட்டுப் பெண்களுக்கு இன்றைக்கே சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய கான்ட்ராக்டர் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

சேற்றுப்புண் என்றால் என்ன என்று நடவுப் பெண்களைக் கேட்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் ஈரத்தரையில் நிற்கிற ஆபீஸ் தொழிலாளிக்கும் அதே புண் வருகிறது. எலி மூத்திரம் கலந்த வெள்ளத்தண்ணீர் அந்தப் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, சேற்றை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் அப்படியே. அதே மாதத்தில் தென் மாவட்டங்களும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. வெள்ளம் புகுந்த ஆபீஸ்களில் நனைந்த பைல்களைத் தூக்கி, சேற்றை வழித்து, மேஜைகளைக் கழுவி வெயிலில் வைப்பவர்கள் யார்? பூட்ஸும் கையுறையும் வருவதற்குள் சேறு அள்ளப்பட்டு விடுகிறது.

மழைக்கு லீவு விட்டால் என்ன நடக்கிறது? கலெக்டர் லீவு அறிவித்தால் உத்தியோகஸ்தருக்குச் சம்பளம் குறையாது, குறையவும் கூடாது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கோ "வேலை இல்லை, கூலி இல்லை". மறுநாள் இரண்டு நாள் சேறு அவளுக்காகக் காத்திருக்கும்.

பனியில்

மார்கழி தையில் விடியுமுன் வேலை. குளிர்ந்த தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கை நனைத்தால், வெடித்த விரல்களில் எரிச்சல் தாங்காது. மழையில் சுவரேறிய ஈரம் பூஞ்சணமாக வெளிப்படும்; அதைச் சுரண்ட வேண்டும். போகியன்று நகரமெல்லாம் புகை, மறுநாள் கரி. பொங்கல் லீவு முடிந்து உத்தியோகஸ்தர்கள் திரும்பும்போது ஆபீஸ் சுத்தமாக இருக்கும். அது தானாகச் சுத்தமானதல்ல.

"அவசியமில்லாத வேலை"யாம்!

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இவ்வளவு வேலையும் ஏன் கணக்கில் ஏறுவதில்லை? கான்ட்ராக்ட் பத்திரத்தில் இத்தனை சதுர அடிக்கு இத்தனை ஆள் என்று வருஷத்துக்கு ஒரே கணக்கு எழுதப்படுகிறது. குறைந்த தொகை கேட்கிறவருக்கு டெண்டர். அப்புறம் மழைக்காலத்துக்கு ஓர் ஆளைக் கூட்டினால் அது அவர் லாபத்தில் குறையும். ஆகவே கூட்ட மாட்டார். ஆபீஸ் நிர்வாகத்தைக் கேட்டால், "எங்களுக்கு என்ன தெரியும், கான்ட்ராக்டரைக் கேள்" என்பார்கள். கான்ட்ராக்டரைக் கேட்டால், "ஆபீஸில் பணம் கொடுத்தால்தானே" என்பார். இரண்டு கதவுக்கும் நடுவில் வாளியோடு நிற்கிறாள் தொழிலாளி.

இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதியா? இல்லை. 1976 டிசம்பர் 9-ம் தேதி மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. மத்திய சர்க்காரின் தொழிலாளர் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் கூட்டுவது, சுத்தம் செய்வது, தூசி தட்டுவது, காவல் காப்பது ஆகிய வேலைகளுக்குக் கான்ட்ராக்ட் ஆட்களை வைக்கக் கூடாது என்பதே அந்த உத்தரவு. 1996-ல் ஏர் இந்தியா வழக்கில், அப்படித் தடை வந்துவிட்டால் அந்தத் தொழிலாளர்களை நிர்வாகம் நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2001-ல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் அதே கோர்ட்டின் பெரிய பெஞ்ச் அந்தத் தீர்ப்பை மாற்றிற்று. 1976 உத்தரவையும் ரத்து செய்தது.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு ஸ்தாபனத்தின் பிரதான வேலைக்குக் கான்ட்ராக்ட் ஆள் வைக்கக் கூடாது என்று ஒரு விதி. நல்ல விதிதான்! ஆனால் அடுத்த வரியிலேயே, கூட்டுவது, சுத்தம் செய்வது, தூசி தட்டுவது, குப்பை அகற்றுவது முதலிய துப்புரவு வேலை, அந்த ஸ்தாபனம் அதற்கென்றே ஏற்பட்டதாக இல்லாவிட்டால், பிரதான வேலையில் சேராது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். அவசியமான வேலை என்ற கணக்கிலேயே அது வராதாம்!

அவசியமில்லையா? ஒரு வாரம் கூட்டாமல் பாருங்கள். கக்கூஸைக் கழுவாமல் மூன்று நாள் பாங்கு நடத்திப் பாருங்கள். 2020-ல் கொரோனா வந்தபோது ஊரெல்லாம் அடங்கிக் கிடக்க, துடைப்பமும் மருந்து வாளியும் ஏந்தியவர்கள் வெளியே வந்தார்கள். அப்போது மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். சட்டம் எழுத உட்கார்ந்தபோது "அவசியமில்லை" என்று எழுதினார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

பருவத்துக்கேற்ப வேலை முறையை மாற்ற வேண்டும் என்பதை நாம் முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஆனால் அதே ஆள், அதே நேரம், அதே கூலி. வேலை மட்டும் கூடுதல் என்றால், அது பருவத் திட்டமல்ல, வேலைப்பளுத் திட்டம். மில்லில் தறி எண்ணிக்கையைக் கூட்டியபோது தொழிலாளர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, அதே பெயர்தான் இதற்கும். ஆகவே நாம் சொல்வது இவை:

முதலாவது, வேலை அட்டவணையை வருஷத்துக்கு நான்கு தடவை, தொழிலாளர்களையும் உட்கார வைத்துப் பேசித் தயாரிக்க வேண்டும். தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். கூரை எங்கே ஒழுகும், எந்தக் குழாய் அடைக்கும் என்பது எஞ்சினீயருக்கு முன்னால் கூட்டுகிறவளுக்குத் தெரியும்.

இரண்டாவது, இலையுதிர் காலத்துக்கும் மழை மாதங்களுக்கும் கூடுதல் ஆள். வெள்ளச் சேறு வாரும் வேலைக்குத் தனிக் கூலி.

மூன்றாவது, கோடையில் வெளிவேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். 12 மணி முதல் 3 மணி வரை மாடியிலோ வெயிலிலோ வேலை கூடாது. குடிதண்ணீர், நிழல், உட்கார ஆசனம் வேண்டும். ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டிருக்கிறது. உட்காரும் உரிமை துணிக்கடையோடு நிற்கக் கூடாது.

நான்காவது, கையுறை, ரப்பர் பூட்ஸ், மழைக் கோட்டு எல்லாம் பருவம் பிறக்குமுன் கைக்கு வர வேண்டும். கூலியில் பிடிக்கக் கூடாது.

ஐந்தாவது, மழை லீவுக்குக் கூலி.

ஆறாவது, நிரந்தரமான வேலைக்கு நிரந்தரமான ஆள். கான்ட்ராக்டர் வேண்டாம்.

இவற்றை எப்போது தொடங்குவது? நல்ல நாள் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மில்லிலும் ஆபீஸிலும் ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு பெரிய சுத்தம் நடக்கிறது. அது மழைக்குச் சற்று முன்னால் வருகிறது. மாடியில் மழைநீர்க் குழாய் வாயிலுள்ள சருகை எடுக்கவும், தரைமட்டத்தில் கிடக்கும் பைல்களை மேலே ஏற்றவும், உடைந்த சாமான்களை அகற்றவும் அதைவிடப் பொருத்தமான சமயம் கிடையாது. யந்திரத்துக்கும் மேஜைக்கும் சந்தனப் பொட்டு வைக்கிற அந்த வாரத்தில், அந்த வேலைக்குத் தனி ஆளும் தனிக் கூலியும் கேட்க வேண்டும். பூட்ஸும் கையுறையும் அன்றைக்கே வாங்க வேண்டும்.

மில் தோழர்களே! உங்கள் மில் ஆபீஸைக் கூட்டுகிற பெண்ணின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவள் உங்கள் சங்கத்தில் இருக்கிறாளா? கான்ட்ராக்ட் ஆள் என்று ஒதுக்கி வைத்தால், நாளைக்கு உங்கள் வேலையும் கான்ட்ராக்டில் போகும்போது உங்களுக்காக யார் பேசுவார்கள்? விவசாயத் தொழிலாளித் தோழர்களே! டவுனுக்கு ஆபீஸ் வேலைக்குப் போகும் உங்கள் மகள் சாயங்காலம் வீடு திரும்பியதும் அவள் கையையும் காலையும் பாருங்கள். மழைக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அவர்களை அழைத்து வாருங்கள். கோரிக்கைப் பத்திரத்தில் இந்த ஆறு விஷயங்களும் ஏறட்டும். மழை நமக்காகக் காத்திருக்காது.